செஞ்சிக் கோட்டையும் அதனை ஆண்டோரும்

முருகன் திருவருள் முன்னிற்க.

மயில மலைமேல் வள்ளி தெய்வயானையாருடன் எழுந்தருளியிருக்கும் முருகப்பெருமானுக்குக் குடமுழுக்கு நன்னீராட்டு நிகழும் இந்நன்னாளில், விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருக என்று அன்பர்கள் பணித்தனர். தலபுராணமும் திருப்பணி வரலாறும் என்னினும் நன்கறிந்தார் எழுதுவர். ஆதலின், இம்மலைக்கு வடமேற்கே, ஒரு பகற்பொழுதில் சென்று மீளும் தொலைவில், பாழ்பட்டுக் கிடக்கும் செஞ்சிக் கோட்டையின் வரலாற்றையும், அதனைத் தமது என்று கொண்டாடிய வேந்தர், நாயக்கர், படைத்தலைவர் ஆகியோரின் வரலாற்றையும் அன்பர்கள் முன் வைக்கலாம் என்று எண்ணினேன்.

கோயில் மலரிலே கோட்டைக்கு என்ன இடம் என்று ஐயுறுவார் இருக்கலாம். மயிலத்து அடியார்களுக்கு அவ்வையம் எழ வேண்டுவதில்லை. வீரமகேந்திரபுரம் என்னும் மாபெருங் கோட்டை நகரில் இருந்து ஆண்ட சூரபன்மன் போரில் தோற்றுப் பெருமான் அருளால் மயிலும் சேவலும் ஆயினான் என்றும், அவன் நகரைக் கடல் கொண்டது என்றும் கந்தபுராணம் கூறும். மயிலாய்ப் பெருமானைத் தாங்கும் பேறு வேண்டி அவன் தவங்கிடந்து மலையாய் அமைந்த இடமே மயிலம் என்பது தலவரலாறு. கோட்டையை இழந்தான் ஒருவன் திருவடியைப் பெற்ற இம்மலைமேல் நின்று, மற்றொரு கோட்டையின் கதையை நினைத்தல் பொருத்தமேயாம்.

ஆசிரியர் வினவிய வினா

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், திருமடத்துப் பாடசாலையில் மாணவனாய் இருந்த காலத்து, எம் ஆசிரியர் எங்கள் ஐவரைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றார். விடியற்காலையில் இராசகிரியின்மேல் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் உச்சியை அடைந்தோம். கீழே மதில்களும் குளங்களும் இடிந்த மண்டபங்களும் விளையாட்டுப் பொருள்கள்போல் தோன்றின. ஆசிரியர் எங்களை நோக்கி, "இக்கோட்டைக்கு உடையவர் யார்?" என்று வினவினார். நாங்கள் கற்ற பாடத்தை ஒப்பித்தோம். கோன்மார் என்றான் ஒருவன். நாயக்கர் என்றான் ஒருவன். மராட்டியர் என்றும் தேசிங்குராசன் என்றும் மற்றையோர் கூறினர். ஆசிரியர் மறுமொழி கூறாது புன்முறுவல் செய்தார்.

இறங்கி வருங்கால் மலையின் இடைவழியில் கமலக்கண்ணியம்மன் சந்நிதியில் சற்றே இளைப்பாறினோம். அப்போது மூதாட்டி ஒருத்தி, கையில் சிறு எண்ணெய்க் கிண்ணத்துடன், படிகளில் அமர்ந்து அமர்ந்து ஏறி வந்து, அம்மனுக்கு விளக்கேற்றி, எங்களுக்கும் திருநீறு தந்து சென்றாள். ஆசிரியர், "நான் கேட்ட வினாவுக்கு விடை வந்து போயிற்று" என்றார். அன்று அது எங்களுக்கு விளங்கவில்லை. எழுபது கடந்த இந்நாளில் ஒருவாறு விளங்குகின்றது. அதனைக் கூறவே இக்கட்டுரை.

மூன்று மலைகள்

செஞ்சி, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவில் உள்ளது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதில்களால் பிணைத்து முக்கோண வடிவில் அமைத்த கோட்டை இது. மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கி.மீ.; அவை வளைத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 11 சதுர கி.மீ. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. உச்சியை அணுகும் இடத்தில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பாறைப்பிளவு ஒன்று வழியை மறிக்கும். அதன்மேல் இட்ட பாலத்தை எடுத்துவிட்டால், மேலிருக்கும் சிலர் கீழிருக்கும் பெரும்படையைத் தடுத்து நிறுத்தலாம்.

கோட்டையின் உள்ளே களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், பன்னிலையாய் உயர்ந்த கலியாண மகால், யானைக்குளம், சக்கரக்குளம், செட்டிகுளம் முதலியன உள்ளன. கலியாண மகாலுக்கு மண்குழாய்கள் வழியே நீரைக் கொணர்ந்த திறம் கண்டு வியத்தற்குரியது. இராசகிரியின் உச்சியிலும் நல்ல சுனைநீர் உண்டு. முற்றுகை எத்துணை நெடிதாயினும் உண்ண நெல்லும் பருக நீரும் குறையாதிருக்க வேண்டும் என்பதே இக்கோட்டையை அமைத்தோர் கருத்து. அக்கருத்துப் பெரும்பாலும் நிறைவேறியது. நெல்லும் நீரும் தீர்ந்து போனதனால் இக்கோட்டை வீழவில்லை. பின் எதனால் வீழ்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கோட்டைக்கு முற்பட்ட கோயில்கள்

இப்பகுதி பழங்காலத்தில் சிங்கபுர நாடு என்று வழங்கியது. செஞ்சிக்கு வடமேற்கே சில கல் தொலைவில் மேலச்சேரி என்னும் ஊர் உள்ளது. பழைய செஞ்சி என்றும் அதனைக் கூறுவர். அங்கே பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயில் ஒன்று உண்டு. சந்திராதித்தன் என்னும் அரசன் சிங்கபுரத்தில் இதனை எடுப்பித்துச் 'சிகரி பல்லவேச்சுரம்' என்று பெயரிட்டான் என்பது அங்குள்ள கல்வெட்டுச் செய்தி. கருவறையில் உள்ள சிவலிங்கத் திருமேனி வேறிடத்திலிருந்து கொணர்ந்து நிறுவியதன்று, தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பெற்றது.

செஞ்சிக்கு அருகில் சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர் குடைவரையும், விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரையும் உள்ளன. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றியே இவ்விடத்தை அமைத்தான் விசித்திரசித்தன் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டுப் பெருமிதத்துடன் பேசுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் விருதுப்பெயர். செஞ்சிக்கு வடபால் திருநாதர்குன்றத்தில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பெற்றுள்ளன. ஆகவே, மதில் எழும்புவதற்குப் பன்னூறாண்டுகள் முன்னரே இக்குன்றுகள் வழிபாட்டிற்குரிய குன்றுகளாய் இருந்தன என்பது தெளிவு.

சந்திராதித்தன் எங்கே அரண்மனை கட்டினான், எத்தனை குதிரை வைத்திருந்தான் என்று கூற இன்று ஒரு கல்லும் இல்லை. அவன் தாய்ப்பாறையில் செதுக்குவித்த பெருமானை ஊரார் இன்றும் வழிபடுகின்றனர்.

கோன்மார் மரபு

சோழர் காலத்திலேயே செஞ்சி பெயர்பெற்ற இடமாய் இருந்தது. ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழன் உலாவில் செஞ்சித் தலைவன் குறிக்கப்பெறுகின்றான். எனினும் இன்று நாம் காணும் கோட்டைக்கு வித்திட்டவர்கள் ஆயர்குலத்துக் கோன்மார் என்பதே வழிவழி வந்த செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் நூல் இம்மரபைத் தொகுத்துரைக்கின்றது. ஆடு மேய்த்துவந்த ஆனந்தக்கோன் மலையில் புதையல் கண்டெடுத்து, அப்பொருளைக்கொண்டு, ஏறத்தாழ கி.பி. 1200-ஐ ஒட்டிக் கமலகிரியில் அரண் அமைத்து அதற்கு ஆனந்தகிரி என்று பெயரிட்டான் என்பர். அதுவே இன்றைய இராசகிரி. அவன் வழிவந்த கிருஷ்ணக்கோன் வடபால் மலையை அரண்செய்து தன் பெயரால் கிருஷ்ணகிரி என்று வழங்கச் செய்தான் என்பர்.

இங்கே அன்பர்கள் ஒன்றை நினைவுகூர வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நுந்தா விளக்கு வைப்பதற்கு ஆடுகள் விடப்பெற்ற செய்தி நூற்றுக்கணக்கில் வருகின்றது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை இடையர்குலத்து மன்றாடிகள் ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு கழிந்து குட்டி பெருகி எண்ணிக்கை மாறாது நிற்றலின், அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். விளக்கு எரிந்தவரை அதுவே அறம். ஆயர்குலத்தான் ஒருவன் கட்டிய மலையரணும், அதே குலத்தார் அளந்த உழக்கு நெய்யும் நம் நாட்டு வரலாற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன. எது மூவாது நின்றது என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்க.

நாயக்கர் காலம்

விசயநகரப் பேரரசு தமிழகத்தில் வேரூன்றிய பின்னர், மதுரை, தஞ்சை, செஞ்சி ஆகிய மூன்றிடங்களிலும் நாயக்கர் ஆட்சி தோன்றியது. செஞ்சி நாயக்கருக்கு வடக்கே பாலாறு முதல் தெற்கே கொள்ளிடம் வரை உள்ள நிலம் பெரும்பாலும் உரியதாய் இருந்தது. களஞ்சியங்கள், குளங்கள், கலியாண மகால் என இன்று நாம் கண்டு வியப்பவற்றுள் பல அவர்கள் காலத்தவை. கோட்டையினுள் உள்ள கோயில்களுள் மிகப் பெரியதாகிய வேங்கடரமணசுவாமி கோயிலை எடுப்பித்தவன் முத்தியாலு நாயக்கன் என்பர். அதன் கோபுர வாயிலில் பாற்கடல் கடைந்த காட்சியும் இராமாயணக் காட்சிகளும் அழகுறச் செதுக்கப்பெற்றுள்ளன.

நாயக்கருள் சூரப்ப நாயக்கன் புலவரைப் போற்றியவன். இரத்தினகேட சீனிவாச தீட்சிதர் அவன் அவையை அணிசெய்து, அவன்பொருட்டுப் 'பாவனாபுருஷோத்தமம்' என்னும் வடமொழி நாடகம் இயற்றினார். சிவார்க்கமணிதீபிகை அருளிய அப்பைய தீட்சிதர்க்கு இவர் தம் மகளை மணஞ்செய்து கொடுத்தார் என்பர். போர்க்குடி என்று மட்டும் இவர்களை எண்ணிவிடலாகாது. கல்வியும் கலையும் இவர்கள் நிழலில் தழைத்தன.

தில்லையில் நிகழ்ந்த துயரம்

இவர்கள் பெருமையைக் கூறிய நாவால் இவர்கள் காலத்துத் துயரம் ஒன்றையும் கூறியாக வேண்டும். வரலாறு எழுதுவோர்க்கு அது கடன்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியை ஆண்டவன் கிருஷ்ணப்ப நாயக்கன். செல்வமும் கொடையும் மிக்கவன்; வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் புதுநகர் ஒன்று எடுத்தவன். அவன் தில்லைத் திருக்கோயிலின் உள்ளே கோவிந்தராசர் சந்நிதியைப் பெருக்கித் திருப்பணி செய்யத் தொடங்கினான். தில்லைவாழ் அந்தணர்கள் தம் கோயில் முறைமைக்கு இது தீங்கு என்று மறுத்தனர். நாயக்கன் கேளாது பணியை நடத்தினான். அவர்களுள் இருபதின்மர் கோபுரத்தின்மேல் ஏறிக் கீழே வீழ்ந்து உயிர் துறந்தனர் என்று, 1597-98-ஐ ஒட்டி இந்நாட்டில் பயணஞ்செய்த பிமெந்தா என்னும் இயேசு சபைத் துறவி எழுதிவைத்துள்ளார். அவர் நம் சமயத்தார் அல்லர். எப்பக்கமும் சார வேண்டிய தேவை இல்லாதவர்.

இதனைச் சைவ வைணவப் பூசலாகக் கொண்டு பழம்புண்ணைக் கீறுதல் என் கருத்தன்று. ஆனந்தக்கூத்தனும் அரிதுயில் கொள்ளும் பெருமாளும் இன்று ஒரே திருச்சுற்றினுள் அடியார்க்குக் காட்சி தந்து நிற்கின்றனர். அடியேன் சொல்ல வருவது, பொருள் கொடுப்பார்க்குரிய ஒன்று. நாயக்கன் அன்று செய்ய முற்பட்டதும் திருப்பணியே. பொருளும் அவன் பொருளே. ஆயினும், யான் கொடுக்கின்றேன், ஆதலின் யான் சொல்வதே நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதனுள் புகுந்தவுடன் அது படையெடுப்பாய் மாறியது. கோயிலுக்குக் கொடுத்த பொருள் கொடுத்த கையை விட்டு நீங்கியது. அதன்மேல் உரிமை பாராட்டுதல் முறையன்று. குடமுழுக்கு நடைபெறும் ஒவ்வொரு காலத்தும் உபயதாரர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் நன்று.

கைமாறிய கோட்டை

1648-ஆம் ஆண்டின் இறுதியில் பீசப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது. ஊரின் பெயர் பாதுஷாபாத் என்று மாறியது. 1677-இல் சத்திரபதி சிவாசி தென்னாட்டுப் படையெடுப்பில் இக்கோட்டையைக் கொண்டு, வலுவிழந்த மதில்களை இடித்து வலியன எழுப்பினார். அவர் மைந்தர் இராசாராமுக்கு இக்கோட்டையே உயிர்க்காப்பாயிற்று. 1689-இல் மராட்டியத் தலைநகர் மொகலாயர் கைப்பட்டபோது, அவர் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே வந்து செஞ்சியைத் தலைநகராகக் கொண்டார். ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகர்கான் 1690-இல் முற்றுகை தொடங்கினான். 1698-இல் தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராசாராம் தப்பி வடக்கே சென்றுவிட்டார். வென்றவன், நுஸ்ரத்சங் என்னும் தன் பட்டத்தை ஒட்டி ஊருக்கு நுஸ்ரத்கட் என்று பெயரிட்டான்.

ஐம்பது ஆண்டுகளுக்குள் நான்கு கொடிகள் ஏறி இறங்கின. ஒவ்வொருவரும் ஒரு பெயர் இட்டனர். ஊரார் நாவில் நின்றது செஞ்சி என்ற பழம்பெயரே. செஞ்சியம்மன் பெயரால் அப்பெயர் வந்தது என்பது ஊரார் நம்பிக்கை. அரசர் இட்ட பெயர்களை ஏட்டில் தேட வேண்டியிருக்கின்றது.

இதே 17-ஆம் நூற்றாண்டில் நம் பொம்மபுர ஆதீனத்தில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும். செஞ்சிச் சீமை எங்கும் குதிரைக் குளம்பொலி கேட்ட அக்காலத்தில், துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் பொம்மபுரத்துச் சிவஞான பாலைய சுவாமிகளின் திருவடியை அடைந்து அவர்பால் அருள்பெற்றார். நால்வர் நான்மணிமாலை, பிரபுலிங்கலீலை, நன்னெறி முதலிய நூல்கள் அவர் திருவாக்கு. தம் ஆசிரியர்மேல் அவர் பாடிய கலம்பகமும் தாலாட்டும் நெஞ்சுவிடுதூதும் உள. 32 ஆண்டுகளே வாழ்ந்த அப்பெருமானுக்கு மதில் இல்லை; படை இல்லை; ஓலையும் எழுத்தாணியுமே செல்வம். நன்னெறியைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஓதுகின்றனர். செஞ்சியைச் சிலகாலம் ஆண்ட கோட்டைத் தலைவர்களின் பெயர்களை அடியேன் இக்கட்டுரைக்காக மீண்டும் நூலைத் திறந்து பார்க்க நேர்ந்தது.

தேசிங்குராசன்

ஆயினும் மக்கள் மறவாத கோட்டைத் தலைவன் ஒருவன் உண்டு. மொகலாயர் செஞ்சிக் கோட்டையைப் புந்தேலத் தலைவனாகிய சொரூப்சிங் என்பவனிடம் ஒப்படைத்தனர். அவன் 1714-ஐ ஒட்டி இறக்க, மகன் தேசிங்கு பொறுப்பேற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் நிலுவைத்தொகையைக் கேட்டான். தேசிங்கு கொடுக்க மறுத்தான். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், சில நூறு குதிரைவீரருடன் நவாபின் பெரும்படையை எதிர்த்துச் சென்று களத்தில் பட்டான். அப்போது அவனுக்கு அகவை 22. உடன்பட்டவன் அவன் ஆருயிர்த்தோழன் மகபத்கான். மதம் வேறாயினும் நட்பு ஒன்றாய் நின்ற அவ்விருவரையும், தேசிங்கின் குதிரையையும் நாட்டுப்புறத்தார் கதையாகப் பாடிவந்தனர். தேசிங்கின் இளமனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டையை அமைத்தான் என்பர். செட்டிகுளக் கரையில் உள்ள மேடையைத் தேசிங்கின் ஈமத்தீ எரிந்த இடமாகக் காட்டுவர்.

அவன் போருக்குப் புறப்படுமுன் சிங்கவரத்து அரங்கநாதரிடம் விடைகேட்டதாகவும், பெருமான் விடை தாராது திருமுகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் அவ்வூரார் கூறுவர். அதன் மெய்ம்மையை ஆராய்தல் நம் வேலையன்று. எவ்வளவு வலிய கோட்டைக்கு உடையவனாயினும், களத்திற்குச் செல்லுமுன் ஒரு குகைக்கோயிலின் வாயிலில் நின்று கேட்டே செல்ல வேண்டியிருந்தது என்பதை அக்கதையைச் சொல்லும் பாட்டிமார் உணர்ந்திருந்தனர்.

தேசிங்கு ஓராண்டும் நிறைய ஆளவில்லை. அவனுக்கு முன்னும் பின்னும் ஆண்டோர் பலர். மக்கள் நெஞ்சு அவனை மட்டும் வைத்துக்கொண்டது. ஆண்ட காலத்தின் அளவை அது பார்ப்பதில்லை போலும்.

தூண்கள் சென்ற வழி

1750-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தான். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஓரிரவில் வீழ்ந்தது. மதில் அதே மதில். நெல்லும் நீரும் முன்போலவே இருந்தன. காக்க நின்றவர்க்கு அஃது எவருடைய கோட்டை என்ற பற்று இல்லை என்பதே அடியேன் கண்ட காரணம். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1780-இல் ஐதர்அலியின் படை பிடித்தது. பின்னர் மீண்டும் ஆங்கிலேயர் ஆட்சி. அவர்களுக்கு அதனால் பயனில்லாமையின், கோட்டை முட்செடிக்கும் கள்ளிக்கும் உரியதாயிற்று.

அக்காலத்தில் வேங்கடரமணசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கற்றூண்களும் செஞ்சியிலிருந்து வந்தனவே என்பர். கடற்காற்று வாங்கச் செல்வோர் அத்தூண்களில் கைவைத்துப் பார்த்தல் வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண்க. வேங்கடரமணசுவாமி கோயில் அரசன் கட்டிய பெருங்கோயில், கோட்டையினுள் இருந்தது, கோட்டையோடு அதன் வாழ்வும் கட்டுண்டிருந்தது. போர்களால் ஊர் கலைந்து வழிபாடு குன்றவே, அதன் தூண்களைப் பெயர்த்தபோது "எங்கள் சாமியின் தூண்" என்று முன்வந்து தடுப்பார் இலர். கமலக்கண்ணியம்மன் சந்நிதியோ சிறிது. பெயர்க்கத்தக்க அழகிய தூண் அதற்கு இல்லை. ஆனால் அவள் செஞ்சியைச் சூழ்ந்த ஊராரின் தாய். கொடி எத்தனை மாறினும் அவளுக்கு விழா எடுக்க மக்கள் மலையேறி வந்தனர், இன்றும் வருகின்றனர். ஆகவே கல்லால் கட்டியது என்பதனாலேயே கோயில் நின்றுவிடாது. நாள்தோறும் ஒருவர் வந்து விளக்கேற்றும்வரையில் தான் அது நிற்கும்.

இன்றைய நிலை

1921-இல் செஞ்சிக் கோட்டை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்று, தொல்லியல் துறையின் காவலில் வந்தது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியப் படையரண்கள் என்ற வரிசையில், யுனெசுகோ நிறுவனம் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தவை. தமிழகத்தில் உள்ளது செஞ்சி ஒன்றே. அண்மையில் ஒருநாள் உறவினர் துணையுடன் அடியேன் மீண்டும் சென்றேன். முழங்கால் இடந்தரவில்லை, அடிவாரத்திலேயே அமர்ந்துவிட்டேன். பல மொழி பேசுவோர் மலையேறினர். உலகம் இதனைக் காக்க முன்வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஒரு காலத்தில் பகைவரைத் தடுக்க எழுந்த மதில், இன்று எல்லோரையும் வாயில் திறந்து வரவேற்கின்றது. எம் ஆசிரியர் இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

அடியார்களுக்கு ஒரு விண்ணப்பம்

அன்பர்களே! குடமுழுக்கு முடிந்து யாகசாலைப் பந்தல் பிரிக்கப்பெறும். அதன்பின் மீண்டும் நாம் இத்துணைப் பேர் ஒன்றுகூடப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகலாம். இடைப்பட்ட நாள்களில் தான் கோயில் வாழ்கின்றது. ஆதலின் மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, திருப்பணியின்போது பழங்கல்வெட்டுகளைப் பேணுதல். பெயர் வேண்டா, ஒரு சிற்றூர்க் கோயிலில் திருப்பணிக்குப்பின் சென்றபோது, முன்னர் அடியேன் படித்துப் படியெடுக்க எண்ணியிருந்த கல்வெட்டு ஒன்று படிக்கட்டாய்க் கவிழ்த்துப் பதிக்கப்பட்டிருக்கக் கண்டேன். செய்தவர்கள் பக்தி மிக்கவர்கள், அறியாமையால் செய்தனர். நன்கொடை நல்கிய தம் முன்னோர் பெயரையே அவர்கள் மண்ணில் புதைத்துவிட்டனர். சுவர்மேல் மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்தலும் எழுத்தைத் தேய்த்துவிடும். திருப்பணி தொடங்குமுன் எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் படம்பிடித்துக் குறித்துவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பெரிய கோயிலுக்கு வழங்குவோர் அதில் ஒரு சிறு பகுதியைத் தம் ஊர்ப் புறத்தே விளக்கின்றிக் கிடக்கும் கோயில் ஒன்றுக்கு ஒதுக்குதல். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் அத்தகைய சிறு கோயில்கள் பல. ஒரு விளக்குக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது சிறிது எண்ணெயும் ஏற்றுவார் ஒருவருமே. அக்காலத்தில் 96 ஆடுகள் செய்த வேலையை இக்காலத்தில் வங்கியில் இட்ட சிறு வைப்புநிதி செய்யும்.

மூன்றாவது, பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல். மயிலம் வரும் அன்பர்கள் ஒருமுறை செஞ்சிக்கும் சென்று, மேலச்சேரிக் குடைவரையையும் கண்டு, மலையேற வல்லார் மலையேறி, கமலக்கண்ணியம்மனுக்கு எண்ணெய் வார்த்து வருக. "இக்கோட்டைக்கு உடையவர் யார்?" என்று பிள்ளைகளைக் கேட்க. விடையை உடனே சொல்லிவிட வேண்டா. எங்களைப்போல் அவர்களும் ஐம்பது ஆண்டு அதனைச் சுமந்து திரிவதே நல்லது.

கோட்டை இழந்த சூரனை மயிலாக்கித் தாங்கவைத்துக்கொண்ட கருணைப் பெருமான், நாம் கொடுப்பவற்றினின்று நம் பெயரை நீக்கிக் கொள்ளும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வானாக. குடமுழுக்குத் திருப்பணியில் கைகொடுத்த அனைவரும், கல் சுமந்தாரும் மண் சுமந்தாரும் உட்பட, எல்லா நலங்களும் பெற்று வாழ மயில மலை முருகன் திருவடிகளை வணங்கி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.